பணம் வராமலே "பணம் வந்தது" என்று வெப்ஹூக்: சிக்னேச்சர் சோதனை தமிழ்ப் பெயருக்கு மட்டும் தோக்குது, உதவி வேணும்

கரிசல்மண் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஊர் கோவில்பட்டி. சின்னக் கடைகளுக்கு சைட் செஞ்சு கொடுக்கிறது தொழில். பிரச்சனை வந்திருக்கிறது ஒரு கடலைமிட்டாய்க் கடை சைட்ல. ஒரு அக்கா நடத்துறாங்க, பேக்கிங்குக்கு ரெண்டு பேர் இருக்காங்க. பைத்தான் மொழி, அதுல ஃபிளாஸ்க் ஃபிரேம்வொர்க், சின்னதா ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்), வர்ற கோரிக்கையை வாங்கிக் கொடுக்க முன்னாடி என்ஜின்எக்ஸ். வாடிக்கையாளர் பணம் கட்டினதும் பேமென்ட் கேட்வே என் வெப்ஹூக் முகவரிக்கு (இப்படிச் சேதி வாங்கவே வச்சிருக்கிற யூஆர்எல்) "பேமென்ட் கேப்சர்டு"ன்னு ஒரு போஸ்ட் அனுப்பும். நான் அந்த ஆர்டரை "பணம் வந்தது"ன்னு மாத்துவேன். அடுத்த நிமிஷம் கடையில மேசை மேல இருக்கிற தெர்மல் பிரின்டர்ல பேக்கிங் சீட்டு விழும். சீட்டு விழுந்தா பெட்டி கட்டணும், அவ்வளவுதான் அக்காவோட கணக்கு. அவங்க திரையைப் பார்க்கிறதே இல்ல, சீட்டை நம்புறாங்க.

போன வியாழக்கிழமை காலையில போன் வந்துச்சு. "தம்பி, செவ்வாய்க்கிழமை காலையில வந்து பார்க்கையில ஏழு சீட்டு கிடந்துச்சு. பேங்க்ல நாலுக்குத்தான் காசு விழுந்திருக்கு. மிச்சம் மூணுக்கு எப்ப விழும்?"

கேட்வேயோட டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். அந்த மூணு ஆர்டருக்கும் பேமென்ட்டே இல்ல. தோத்துப்போன பேமென்ட் கூட இல்ல.

என்ஜின்எக்ஸ் லாக்ல தேடினேன். திங்கக்கிழமை 20:43, 20:44, 20:46. சர்வர் யுடிசி நேரத்துல ஓடுது, அதனால நம்ம நேரப்படி அதிகாலை 2:13-ல ஆரம்பிச்சிருக்கு. மூணு போஸ்ட்டும் ஒரே ஐபி, அது கேட்வேயோட ஐபி இல்ல. யூசர் ஏஜென்ட்ல "பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ்"னு இருக்கு. வர்ற பாடியை (போஸ்ட்டுக்குள்ள இருக்கிற தரவு) நான் ஒரு டேபிள்ல அப்படியே சேமிக்கிறேன், அதைப் பிரிச்சுப் பார்த்தேன். ஆர்டர் எண்கள் 1418, 1419, 1420. மூணும் உண்மையான ஆர்டர்தான்: யாரோ சைட்ல வந்து பெட்டியில போட்டு, முகவரி கொடுத்து, பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போய் மூடிட்டாங்க. தொகை சரியா 234000 பைசா, அதாவது 2,340 ரூபாய். ஆனா பேமென்ட் ஐடி மூணுலயும் ஒண்ணுதான். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு தேடினா, கேட்வேயோட டாக்குமென்டேஷன்ல மாதிரிக்குக் கொடுத்திருக்கிற அதே ஐடி. அந்தப் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பியிருக்கான்.

இதுவரைக்கும் சொன்னது நடந்தது. இனிமே சொல்றது நான் செஞ்சது. சிக்னேச்சர் சோதனை முதல்ல இருந்துச்சு. கேட்வே ஹெடர்ல அனுப்புற சிக்னேச்சரையும், கேட்வேக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச சீக்ரெட்டை வச்சு நான் போடுற எச்மேக்கையும் (பாடியில இருந்து கணக்குப் போட்டு எடுக்கிற முத்திரை) ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தலைன்னா 400-னு மறுத்துத் திருப்பி அனுப்புவேன். நாலு மாசம் நல்லா ஓடுச்சு. பொங்கலுக்கு முந்தின வாரம் திடீர்னு சில ஆர்டர் மட்டும் தோத்துச்சு. கேட்வே திரும்பத் திரும்ப அனுப்புது, நான் திரும்பத் திரும்ப 400 கொடுக்கிறேன். பணம் கட்டினவங்க கடைக்குப் போன் பண்றாங்க. தோத்த ஆர்டர் எல்லாத்துலயும் பெயரைத் தமிழ்ல எழுதியிருந்தாங்க. இங்கிலீஷ்ல எழுதினவங்க ஆர்டர் ஒண்ணு கூட தோக்கலை. ஏன்னு உட்கார்ந்து பார்க்க நேரமில்ல, நாளைக்கு 60 பெட்டி போகணும். சோதனை பண்ற நாலு வரியைக் கமென்ட் பண்ணினேன். பக்கத்துல "பொங்கல் முடிஞ்சதும் பார்க்கணும்"னு எழுதி வச்சேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கு.

மூணு பெட்டியில ரெண்டு போய்ச் சேர்ந்தாச்சு. மூணாவது கொரியர் ஆபீஸ்ல நிக்குது.

எனக்குத் தெரிய வேண்டியது: தமிழ்ப் பெயர் வந்தா மட்டும் சிக்னேச்சர் ஏன் தோக்குது? அது சரியாகிற வரைக்கும் ஐபி கட்டுப்பாடு போட்டாப் போதுமா, இல்ல முகவரியிலேயே நீளமா ஒரு ரகசியச் சொல்லைச் சேர்க்கலாமா? அப்புறம், இந்த முகவரியை நான் எங்கேயும் வெளியே சொன்னதே இல்ல. அவன் எப்படிக் கண்டுபிடிச்சான்?

*

நெட்வொர்க்மணி (பதில்)

ஐபி கட்டுப்பாடு போடுங்க. கேட்வே தன் ஐபி பட்டியலைக் கொடுத்திருக்கும். என்ஜின்எக்ஸ்ல அந்த லொகேஷனுக்கு மட்டும் அலவ் வரிகளை எழுதி, கடைசியில டினை ஆல். பத்து நிமிஷ வேலை. இந்த மூணு போஸ்ட்டும் அங்கேயே நின்னிருக்கும்.

*

வேப்பமரத்தடி (பதில்)

தம்பி, முதல்ல கொரியர் ஆபீஸுக்குப் போன் பண்ணி அந்தப் பெட்டியைத் திருப்புங்க. அடுத்து, வெப்ஹூக் வந்ததும் சீட்டு விழுற ஏற்பாட்டை இன்னிக்கே நிறுத்துங்க. மத்ததை நிதானமாச் செய்யலாம்.

சிக்னேச்சர் தோக்கிற காரணத்தை நீங்க எழுதினதை வச்சே சொல்ல முடியும். வந்த பாடியை ஜேசனா (தரவை எழுத்தா அனுப்புற வடிவம்) பிரிச்சு, அதைத் திரும்ப ஜேசன் டம்ப்ஸ் வச்சுக் கட்டி, அந்தக் கட்டின சரத்துக்கு எச்மேக் போடுறீங்க. இடைவெளி வராம செபரேட்டர்ஸும் கொடுத்திருப்பீங்க, அதனாலதான் இங்கிலீஷ் பெயர் பொருந்துச்சு. கேட்வே கையெழுத்துப் போட்டது அது அனுப்பின பைட்டுகளுக்கு. நீங்க சோதிக்கிறது நீங்களே செஞ்ச நகலை.

"முருகன்"னு எடுத்துக்கோங்க. யுனிகோடுல அது 7 குறியீடு: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி. யுடிஎஃப்-8-ல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 21 பைட். பைத்தானோட டம்ப்ஸ் நாம ஒண்ணும் சொல்லலைன்னா ஆஸ்கி (இங்கிலீஷ் எழுத்து, எண், குறி) அல்லாத எழுத்தை அப்படியே விடாது. ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு பின்சாய்வு, ஒரு யு, நாலு ஹெக்ஸ் இலக்கம்னு 6 எழுத்தா மாத்தும். ஆக 42 பைட். 21 பைட்டுக்குப் போட்ட கையெழுத்து 42 பைட்டுக்குப் பொருந்தாது. உங்க கோடு சரியாத்தான் மறுத்திருக்கு, அது கையில கொடுத்த பொருள்தான் தப்பு.

டம்ப்ஸ்ல இப்படி மாத்தச் சொல்ற என்சூர் ஆஸ்கிங்கிற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினாப் போதும்னு யாராவது சொல்வாங்க. அந்த வழிக்குப் போகாதீங்க. பிஎச்பி-யோட ஜேசன் என்கோட் சாய்வுக்கோட்டுக்கு முன்னாடி ஒரு பின்சாய்வு சேர்க்கும், பைத்தான் சேர்க்காது. வாட்ஸப் வெப்ஹூக்ல மெட்டா கையெழுத்துப் போடுறதே அந்தப் பின்சாய்வு-யு வடிவத்துக்குத்தான். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க, நாம ஊகிச்சுக்கிட்டே இருக்க முடியாது. ஃபிளாஸ்க்ல கெட் ஜேசனைத் தொடுறதுக்கு முன்னாடி கெட் டேட்டா வச்சு வந்த பைட்டுகளை எடுங்க. அதுக்கே எச்மேக் போடுங்க. பொருந்தின பிறகு ஜேசனாப் பிரிங்க. நோட்.ஜேஎஸ்ல எக்ஸ்பிரஸ் பயன்படுத்துறவங்களும் இதே குழியில விழுவாங்க: எக்ஸ்பிரஸ் ஜேசன் எல்லா ரூட்டுக்கும் முன்னாடி நின்னு பாடியைப் பிரிச்சுடும். வெப்ஹூக் ரூட்டுக்கு மட்டும் எக்ஸ்பிரஸ் ரா போடணும்.

ஒப்பிடறப்போ ரெண்டு சமக்குறி போடாம எச்மேக் கம்பேர் டைஜெஸ்ட் போடுங்க. எத்தனை எழுத்து பொருந்துச்சுங்கிறது பதில் வர்ற நேரத்துல கசியாம அது பார்த்துக்கும்.

இப்ப ஐபி. மணி சொன்னபடி அந்த மூணு போஸ்ட்டும் நின்னிருக்கும், அது உண்மை. ஆனா அதையே பூட்டா நம்பினா அடுத்தவன் வேற பக்கமா வருவான். அதே கேட்வேயில எவனும் வியாபாரிக் கணக்கு திறக்கலாம். தன் கணக்குல வெப்ஹூக் முகவரியா உங்க முகவரியைக் கொடுத்துட்டு, தனக்குத் தானே 1 ரூபாய் கட்டி, குறிப்பு இடத்துல உங்க 1418-ஐ எழுதினா, போஸ்ட் கேட்வேயோட நிஜ ஐபில இருந்தே வந்து நிக்கும். கிட்ஹப்லயும் இப்படித்தான், யார் வேணும்னாலும் தன் ரெப்போவோட (கோடு சேமிக்கிற இடம்) வெப்ஹூக்கை உங்க சர்வருக்குத் திருப்பலாம். ஐபி எந்தக் கம்பெனி அனுப்புதுன்னு சொல்லும், எந்தக் கணக்குக்காக அனுப்புதுன்னு சொல்லாது. அதைச் சொல்றது சீக்ரெட் மட்டும்தான். நடுவுல ப்ராக்ஸி இருந்து, அனுப்புறவன் எழுதின ஃபார்வர்டட் ஃபார் ஹெடரை நம்புற மாதிரி அமைச்சிருந்தா ஐபியும் பொய்.

முகவரியில ரகசியச் சொல் வைக்கிறது இல்லாததுக்குப் பரவாயில்ல. ஆனா முகவரி முழுசா அக்சஸ் லாக்ல விழும். லாக்கைக் கண்காணிப்புச் சேவைக்கு அனுப்புவீங்க, பிழை வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோரத்துல போடுவீங்க. ரகசியம் ரொம்ப நாள் ரகசியமா இருக்காது. டெலிகிராம் பாட் (தானியங்கி நிரல்) வைக்கிறவங்களுக்கு முன்னெல்லாம் இந்த வழிதான் சொல்வாங்க. 2022-ல அவங்களே செட் வெப்ஹூக்ல சீக்ரெட் டோக்கன்னு ஒண்ணைச் சேர்த்து, ஹெடர்ல அனுப்ப ஆரம்பிச்சாங்க.

எப்படிக் கண்டுபிடிச்சான்னு கேட்டீங்க. தனி சப்டொமைன் வச்சிருந்தா, அதுக்குச் சான்றிதழ் வாங்கின உடனே பெயர் சர்ட்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி லாக்ல ஏறிடும். அது பொதுப் பதிவு, அதையே பார்த்துக்கிட்டு இருக்கிற பாட் நிரல்கள் ஏராளம். அதுக்கப்புறம் வெப்ஹூக், பேமென்ட்னு பத்து சொல்லை மாத்தி மாத்திப் போட்டா பாதை கிடைச்சிடும்.

இந்தத் தப்பு ஏன் வெப்ஹூக்ல மட்டும் இவ்வளவு நடக்குதுன்னு ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். மத்த பக்கமெல்லாம் லாகினுக்குப் பின்னாடி இருக்கு. வெப்ஹூக்கை அனுப்புறது இன்னொரு கம்ப்யூட்டர், அதுக்குக் குக்கியும் இல்ல, பாஸ்வேர்டும் இல்ல. அதனால அந்த ரூட்டை மட்டும் லாகின் சோதனையில இருந்து விலக்குவோம். ஜாங்கோவா இருந்தா சிஎஸ்ஆர்எஃப் எக்செம்ப்ட்டும் (வேற சைட்ல இருந்து போலியா வர்ற கோரிக்கையைத் தடுக்கிற சோதனைக்கு விலக்கு) போடுவோம். ரெண்டு பூட்டைக் கழற்றியாச்சு. அதுக்குப் பதிலா ஒரு பூட்டை நாமதான் தனியாக் கொண்டுவந்து மாட்டணும். மாட்டலைன்னாலும் சைட் ஓடும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.

பெரிய மென்பொருள்லயும் இது நடந்திருக்கு. கோடைத் தானா பில்டு பண்ணிக் கொடுக்கிற ஜென்கின்ஸோட கிட் ப்ளகின்ல நோட்டிஃபை கமிட்னு ஒரு வெப்ஹூக் முகவரி உண்டு. 4.11.3 பதிப்பு வரைக்கும் அதுக்கு அனுமதிச் சோதனையே கிடையாது. லாகின் இல்லாத எவனும் ஒரு ரெப்போ முகவரியைச் சொல்லி, அந்த ரெப்போவை எடுக்கிற ஜாபை ஓட்டலாம். எந்தக் கமிட்டை எடுக்கணும்னும் அவனே சொல்லலாம். 2022 ஜூலைல அது சிவிஇ-2022-36883-ங்கிற பாதுகாப்புப் பிழை எண்ணோட வெளியாச்சு, 4.11.4-ல டோக்கன் கட்டாயம் ஆச்சு. கோ மொழியில வெப்ஹூக்ங்கிற பெயர்லயே ஒரு சின்ன கருவி இருக்கு. 9000 போர்ட்ல நின்னு, போஸ்ட் வந்ததும் நீங்க சொன்ன ஸ்கிரிப்டை ஓட்டும், நிறைய பேர் டிப்ளாய்க்கு வச்சிருப்பீங்க. அதுல டிரிகர் ரூல் எழுதாம விட்டா, முகவரி தெரிஞ்ச எவனும் உங்க சர்வர்ல அந்த ஸ்கிரிப்டை ஓட்டலாம்னு அதோட ரீட்மீயிலேயே எச்சரிக்கை இருக்கு. வேலைகளை இணைச்சுத் தானா ஓட்டுற என்8என்-ல வெப்ஹூக் நோட் போட்டா, அங்கீகாரம்ங்கிற இடத்துல முதல்ல நிக்கிறது "நன்", அதாவது எதுவும் இல்ல. நாமதான் மாத்தணும். இந்த வகைப் பிழைக்கு சிடபிள்யூஇ-306-னு தனி எண்ணே இருக்கு.

திரும்பப் போடறப்போ ரெண்டு இடத்துல கவனமா இருங்க. "ஹெடர் இருந்தா சோதி"ன்னு எழுதாதீங்க. ஹெடர் இல்லாம வந்தவனுக்குக் கதவு திறந்துடும். இன்னொண்ணு, சீக்ரெட்டை என்விரான்மென்ட்ல இருந்து எடுக்கறப்போ, இல்லைன்னா ஒரு எழுத்தும் இல்லாத வெறும் சரம்னு இயல்பு மதிப்புக் கொடுக்காதீங்க. சர்வர் மாத்துற அன்னிக்கு அந்த மாறி விடுபட்டுப் போகும். எச்மேக் வெறும் சாவியையும் ஏத்துக்கும், உங்களுக்குப் பிழை வராது. வெறும் சாவியில கையெழுத்துப் போட எதிராளிக்கும் தெரியும். சீக்ரெட் இல்லைன்னா ஆப் எழுந்திரிக்கவே கூடாது.

*

இரவுப்பணி (பதில்)

மேல அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். வாட்ஸப் வெப்ஹூக் வச்சிருக்கிறவங்கள்ல நிறைய பேர் வெரிஃபை டோக்கன் போட்டாச்சு, பாதுகாப்பாச்சுன்னு நினைக்கிறாங்க. அந்த டோக்கன், வெப்ஹூக்கைப் பதியுறப்போ வர்ற கெட் கோரிக்கைக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு போஸ்ட்லயும் ஆப் சீக்ரெட்டால போட்ட சிக்னேச்சர் ஹெடர்ல இருக்கும், அதைத் தனியாச் சோதிக்கணும். போன வருஷம் நான் எடுத்துப் பார்த்த ஒரு மருந்துக்கடை பாட்ல அந்தச் சோதனையே இல்ல. வாடிக்கையாளர் எண்ணைப் போட்டு யார் வேணும்னாலும் மருந்து ஆர்டரை ரத்து பண்ணியிருக்கலாம்.

அப்புறம், சிக்னேச்சர் சரியா இருந்தாலும் அதே பாடியை ரெண்டாந்தடவை அனுப்பினா அதுவும் பொருந்தும். ஸ்ட்ரைப் கையெழுத்துக்குள்ள நேரத்தையும் சேர்க்குது, அவங்க லைப்ரரி 5 நிமிஷத்துக்கு மேல பழசை இயல்பாவே மறுக்கும். ரேசர்பே ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு ஈவென்ட் ஐடியை ஹெடர்ல தருது. அதைச் சேமிச்சு வச்சு, ஏற்கெனவே பார்த்ததுன்னா 200 கொடுத்துட்டு ஒண்ணும் செய்யாம விடுங்க. உங்க விஷயத்துல டேபிள்ல பேமென்ட் ஐடி நெடுவரிசைக்கு யுனீக் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக்கூடாது) போட்டிருந்தாலே மூணுல ரெண்டு விழுந்திருக்காது. தொகையையும் உங்க டேபிள்ல இருக்கிற ஆர்டர் தொகையோட ஒப்பிடுங்க.

*

கரிசல்மண் (மீண்டும்)

அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. மணிக்கும் நன்றி, ஐபி வரிகளை அன்னிக்கு ராத்திரியே போட்டேன், இப்பவும் இருக்கு.

காரணம் நீங்க சொன்னதேதான். கோடுல டம்ப்ஸ், செபரேட்டர்ஸ், எல்லாம் அப்படியே இருந்துச்சு. பொங்கல் சமயத்துல தோத்த ஒரு ஆர்டரோட பாடி என் டேபிள்ல இருந்துச்சு. ரா பைட்டை எடுத்து எச்மேக் போட்டேன், முதல் தடவையே பொருந்துச்சு. அந்த வாடிக்கையாளர் பெயரோட ஊர், தெரு எல்லாத்தையும் தமிழ்ல எழுதியிருக்காங்க. தமிழ்ல எழுதினவங்க மேல தப்பு இருக்கிற மாதிரி இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. பெயரை இங்கிலீஷ்ல மட்டும் எழுதச் சொல்லி ஃபார்ம்ல ஒரு வரி போட்டிருந்தேன். அதை எடுத்துட்டேன்.

புதுக் கோடு ஏத்தியாச்சு. ஏத்தின உடனே, என்ஜின்எக்ஸ் வழியா வராம சர்வருக்குள்ள இருந்தே நானே அடிச்சுப் பார்த்தேன்: ஹெடர் இல்லாம ஒண்ணு, தப்பான சிக்னேச்சரோட ஒண்ணு, வெறும் சாவியில கையெழுத்துப் போட்டு ஒண்ணு, சரியான பாடியில ஒரே ஒரு பைசாவை மாத்தி ஒண்ணு. நாலுக்கும் 401. கேட்வேயோட டெஸ்ட் மோடுல "முருகன்"னு பெயர் போட்டு ஒண்ணு கட்டினேன், 200. இந்த அஞ்சையும் பைடெஸ்ட்ல எழுதி வச்சிருக்கேன், இது பாஸ் ஆகாம இனிமே டிப்ளாய் ஓடாது. சீக்ரெட் இல்லைன்னா ஆப் நின்னுடுற மாதிரி மாத்தினதுல இன்னொண்ணு தெரிஞ்சுது: என் ஸ்டேஜிங் சர்வர் (சோதனைக்கு வச்சிருக்கிறது) எழுந்திரிக்கலை. அங்க அந்த மாறியை நான் வைக்கவே இல்ல. இத்தனை நாள் அது வெறும் சாவியில ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

சீட்டு விஷயத்தையும் மாத்திட்டேன். வெப்ஹூக் வந்தா அது ஒரு தகவல், அவ்வளவுதான். அந்தப் பேமென்ட் ஐடியை எடுத்துக்கிட்டு நானே கேட்வேயோட ஏபிஐ-யைக் கூப்பிட்டுக் கேக்கிறேன். கேப்சர்டுன்னு அது சொல்லி, தொகையும் ஆர்டர் எண்ணும் ஒத்துப்போனாத்தான் பிரின்டருக்குப் போகும். மூணு நாலு வினாடி கூடுதலா ஆகுது. கடையில யாரும் கவனிக்கலை.

மூணாவது பெட்டி திரும்பி வந்துடுச்சு. போன ரெண்டு பெட்டியோட காசை எடுத்துக்கிட்டு நேத்து கடைக்குப் போனேன். அக்கா வாங்க மாட்டேன்னுட்டாங்க. பிரின்டர் பக்கத்துல வச்சுட்டு வந்துட்டேன். என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னேன்: "பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஒருத்தன் போன் பண்ணினா நீங்க நம்ப மாட்டீங்கல்ல, உங்க சைட் நம்பிடுச்சுக்கா." அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இனிமே சீட்டை நம்பலாமா தம்பி?" நம்பலாம்னு சொன்னேன். கூடவே சீட்டோட அடியில பேமென்ட் ஐடியையும் அடிக்கிற மாதிரி பண்ணியிருக்கேன், சந்தேகம் வந்தா என்னைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டலாம்.

நேத்து அதிகாலை 1:50-க்கு மறுபடி வந்திருக்கான். வேற ஐபி, அதே யூசர் ஏஜென்ட். என்ஜின்எக்ஸ்லயே 403 வாங்கிட்டுப் போயிருக்கான்.

இந்தக் கோடை நான் இன்னும் ஆறு கடைக்குக் காப்பி பண்ணிக் கொடுத்திருக்கேன். நாலை நேத்தும் இன்னிக்கும் பார்த்தாச்சு, ரெண்டுல அதே நாலு வரி கமென்ட்லதான் இருந்துச்சு, "பொங்கல் முடிஞ்சதும் பார்க்கணும்"ங்கிற வரியோட. சரி பண்ணிட்டேன், அந்தக் கடைக்காரங்ககிட்ட செட்டில்மென்ட்டையும் சீட்டையும் ஒவ்வொண்ணா ஒப்பிடச் சொல்லியிருக்கேன். மிச்சம் ரெண்டு கடை. ஒண்ணு பிஎச்பி-ல மாத்தி எழுதிக் கொடுத்தது, அதுல ரா பாடியை எங்க எடுக்கிறதுன்னு பார்த்துட்டு, இன்னிக்கு ராத்திரி அதைத் திறக்கிறேன்.